அறுபத்தோராவது பிள்ளை

கேள்வி இதுதான்: "எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மொத்தமே 27 பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள். டவுன் மெட்ரிக் பள்ளியில் ஒரு மிஸ் தனியாளாக 40 பிள்ளைகளைச் சமாளிக்கிறார். அப்படியிருக்க அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வேலைப்பளு, வேலைப்பளு என்று ஏன் போராடுகிறார்கள்? என் மகளை ஒன்றாம் வகுப்பில் அங்கே சேர்க்கலாமா?"

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 32 வருடம் வேலை பார்த்து 2024-ல் ஓய்வு பெற்றவள். கடைசி பத்துப் பன்னிரண்டு வருடம் தலைமையாசிரியர். நீங்கள் கேட்டதில் தப்பில்லை. ஊரில் பலர் மனதில் இருப்பதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த 27-ஐ வகுப்பு வகுப்பாகப் பிரித்துப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பில் ஆறு, இரண்டில் நாலு, மூன்றில் ஏழு, நாலில் ஐந்து, ஐந்தில் ஐந்து என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வகுப்பு, வகுப்புக்கு நாலைந்து பாடம், நடத்த இரண்டு பேர். மெட்ரிக் பள்ளி மிஸ்ஸுக்கு முன்னால் 40 பேர் இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே வயது, ஒரே புத்தகம், ஒரே பக்கம். இங்கே ஒரு டீச்சர் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளை ஓர் அறையில் வைத்துக்கொள்வார், மற்றவர் நாலையும் ஐந்தையும். 'அ' எழுதப் பழகும் பிள்ளையும் மூன்று இலக்கக் கழித்தல் போடும் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும். ஆறு பேருக்குப் பாடம் தயாரிப்பதற்கும் அறுபது பேருக்குத் தயாரிப்பதற்கும் பிடிக்கிற நேரம் ஒன்றுதான். இந்த ஈராசிரியர் பள்ளியில் தலையை எண்ணினால் வேலை குறைவாகத் தெரியும். வகுப்பை எண்ணினால்தான் சரியான கணக்கு வரும்.

அரசாங்கம் எண்ணுவதோ தலையைத்தான். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. 150-ஐத் தாண்டினால்தான் தனித் தலைமையாசிரியர். ஆகவே சின்னப் பள்ளியில் ஹெச்.எம். என்பவரும் முழு நேரம் வகுப்பெடுக்கிற டீச்சர்தான். பத்துப் பிள்ளை இருந்தாலும் இரண்டு பேர், அறுபது இருந்தாலும் அதே இரண்டு பேர். அறுபத்தோராவது பிள்ளை வந்து சேர்ந்தால்தான் மூன்றாவது டீச்சர். இந்தக் கணக்கை ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி நிலவரப்படி எடுப்பார்கள். கூடுதலாக இருப்பவரை வேறு பள்ளிக்கு மாற்றுவதற்குப் பெயர் பணி நிரவல்.

2016-ல் என் பள்ளியில் சரியாக 61 பிள்ளைகள். ஜூலை மாதக் கடைசி வாரம் ஒரு குடும்பம் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்பியது. பையன் மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் குட்டியானை வண்டி நிற்கிறது. அந்த அம்மா குண்டான், சட்டி எல்லாவற்றையும் பழைய சேலையில் வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். "பையனை மட்டும் அப்பாயிகிட்ட விட்டுட்டுப் போங்களேன் தாயி, ஒண்ணாந் தேதிக்கு அப்புறம் கூட்டிக்கிட்டுப் போகலாம்" என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், பதில் சொல்லவில்லை. பையன் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். ஒரு தாயிடம் நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அன்றைக்கு என் கண்ணுக்குத் தெரிந்தது அந்தப் பையன் இல்லை, அவனோடு போகப்போகிற மூன்றாவது டீச்சர். ஆகஸ்டில் எண்ணிக்கை 60. செப்டம்பரில் அந்த டீச்சர் 20 கிலோமீட்டர் தள்ளி வேறு பள்ளிக்குப் போனார். ஒன்றாம் வகுப்புக்கென்று தனியாக ஓர் ஆள் இருந்த காலம் அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆகஸ்டிலும் எண்ணிக்கை இறங்கியதே தவிர ஏறவில்லை.

சின்னப் பள்ளிகளே வேண்டாம், மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். காமராசர் காலத்தில் ஊருக்கு ஊர் ஓராசிரியர் பள்ளி திறந்ததால்தான் என் அம்மா தலைமுறைப் பெண்கள் நாலெழுத்து படித்தார்கள். இன்றைக்கும் ஆறு வயதுப் பெண்பிள்ளை தார் ரோட்டைத் தாண்டாமல் நடந்து போகிற தூரத்தில் பள்ளி இருப்பது பெரிய விஷயம். பள்ளி சின்னதாக இருப்பது எனக்குக் குறையாகப் படவில்லை. சின்னப் பள்ளிக்கும் பெரிய பள்ளிக்கும் ஒரே அளவுகோல் வைப்பதுதான் குறை.

இதற்கேற்ற கற்பித்தல் முறை இல்லாமலும் இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 வாக்கில் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல் கலப்பு வகுப்புக்கு மிகவும் பொருத்தமானது. அட்டைகள், பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி, சுவரின் அடியில் பிள்ளை கைக்கு எட்டுகிற கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணியில் ஏறும். இப்போது 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டம். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்துகிறோம். இரண்டிலும் வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன், முறை நல்ல முறைதான். ஆனால் டீச்சர் வகுப்பறையை விட்டு எழுந்து போகமாட்டார் என்ற நம்பிக்கையில்தான் இரண்டு முறைகளையும் வகுத்திருக்கிறார்கள். அரும்பு நிலைப் பிள்ளைக்கு எண்ணுவதற்குக் கொஞ்சம் மணிகளைக் கொடுத்துவிட்டு மலர் நிலைக்குப் போய்த் திரும்ப பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் ஃபோன் வந்தால் போயிற்று.

ஃபோன் எதற்கு வரும் என்று கேட்பீர்கள். தொடக்கப் பள்ளியில் கிளார்க் கிடையாது, அலுவலக உதவியாளர் கிடையாது, வாட்ச்மேன் கிடையாது. உயர்நிலைப் பள்ளியில் நாலு பேர் பார்க்கிற எழுத்து வேலை இங்கே ஹெச்.எம். தலையில். பிள்ளைகள் வருகையை, ஆசிரியர் வருகையை எமிஸில், அதாவது கல்வித் துறையின் இணையப் பதிவுத் தளத்தில், ஏற்ற வேண்டும். காலை உணவு சாப்பிட்டவர் எத்தனை பேர், மதிய உணவு எத்தனை பேர், முட்டை எத்தனை, வியாழக்கிழமை இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியவர் எத்தனை பேர் என்று கணக்குத் தர வேண்டும். ஆதார் இல்லாத பிள்ளை, வங்கிக் கணக்கு இல்லாத பிள்ளை, உதவித்தொகைக்குச் சாதிச் சான்றிதழ் வராத பிள்ளை என்று மூன்று பட்டியல். சீருடை, புத்தகப் பை, காலணி வந்தால் அளவு சரிபார்த்துப் பதிவேட்டில் ஏற்றி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, மறுபடியும் எமிஸில் ஏற்ற வேண்டும். சேர்க்கை நீக்கல் பதிவேடு, தளவாடச் சாமான் பதிவேடு, பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானப் பதிவேடு எல்லாம் தனி.

எமிஸ் வந்தபோது பதிவேடுகள் குறையும் என்று நம்பினோம். குறையவில்லை. காகிதமும் இருக்கிறது, செயலியும் இருக்கிறது. எண்ணும் எழுத்தும் மதிப்பீட்டை ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் கூப்பிட்டு, என் சொந்த ஃபோனில் கேள்வியைக் காட்டி, விடையைத் தொடச் சொல்லிப் பதிய வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது கொடிமரத்துக்குப் பக்கத்தில் மட்டும். வெயிலில் கொடிமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க, எதிரே ஒரு ஏழு வயதுப் பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும். உள்ளே மற்ற இருபது பேரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா என்று எனக்கு ஃபோன் இல்லாமலே தெரியும். புத்தகத்தைப் பிரித்து அவன் விரலை வைத்து வாசிக்கும் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

இனி, இரண்டு டீச்சரில் ஒருவர் இல்லாத நாள். அதுதான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில். சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையத்தில் பயிற்சி என்றால் ஒருவர் போவார். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்றால் ஹெச்.எம். போவார். இன்னொருவருக்குக் காய்ச்சல் வந்தால் சி.எல்., அதாவது தற்செயல் விடுப்பு. அவரவர் உரிமைப்படி எடுக்கிற விடுப்புதான், ஆனால் அன்றைக்கு ஐந்து வகுப்பும் ஒரே ஆளிடம். ஒருவர் பேறுகால விடுப்பில் போனால் வருடம் முழுக்க அப்படித்தான். 2021-ல் தமிழ்நாட்டில் இந்த விடுப்பை 9 மாதத்திலிருந்து 12 மாதமாக உயர்த்தினார்கள். மனதார வரவேற்கிறேன். என் காலத்தில் மூன்று மாதக் கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மார்பில் பால் கட்டிக்கொண்டு வகுப்பில் நின்றவள் நான். ஆனால் போனவரின் இடத்துக்கு ஆள் போடுவதில்லை. பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவரை மாற்றுப்பணியில் வாரத்துக்கு மூன்று நாள் அனுப்புவார்கள். அந்தப் பள்ளியும் ஈராசிரியர் பள்ளியாக இருந்தால் இங்கே அடைத்த ஓட்டை அங்கே திறக்கும். கர்ப்பமாக இருக்கும் டீச்சர் இதை நினைத்துக் குற்ற உணர்ச்சியோடு விடுப்பு விண்ணப்பத்தை நீட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் அப்படி உணரத் தேவையே இல்லை.

பிறகு தேர்தல் வேலை. கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 27, ஆசிரியரைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. கூடவே மூன்று விலக்கு: பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். தேர்தல் என்றதும் வாக்குப்பதிவு நாள் மட்டும் உங்கள் நினைவுக்கு வரும். வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ. வேலை வருடம் முழுக்க உண்டு. 2025 நவம்பர் 4-ல் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது வீடு வீடாகப் படிவம் கொடுத்து, நிரப்ப உதவி, திரும்ப வாங்கி, செயலியில் ஏற்றியவர்களில் அங்கன்வாடிப் பணியாளர்களோடு ஏராளமான ஆசிரியர்களும் உண்டு. என்னோடு வேலை பார்த்த டீச்சருக்கும் ஒரு பாகம் கொடுத்திருந்தார்கள். நான் அப்போது ஓய்வில் இருந்தேன். ஒருநாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கையில் படிவக் கட்டு. "வயலுக்குப் போனவங்க இப்பதான் வீட்டுக்கு வர்றாங்க டீச்சர், பகல்ல போனா பூட்டிக் கிடக்கு" என்றார். காலையில் பள்ளி, மாலையில் படிவம், இரவில் செயலி. நாற்பது ஆசிரியர் இருக்கும் மேல்நிலைப் பள்ளியில் ஒருவரை எடுத்தால் அட்டவணையைக் கொஞ்சம் மாற்றிச் சமாளிக்கலாம். ஈராசிரியர் பள்ளியில் ஒருவரை எடுத்தால் பாதிப் பள்ளி போய்விடும். சட்டம் அனுமதித்த வேலைதான், ஆனால் எந்தப் பள்ளியிலிருந்து ஆள் எடுப்பது என்று யோசிக்க யாருக்கும் தடையில்லையே. இனி 2027 கணக்கெடுப்பும் இருக்கிறது.

பள்ளி என்றால் டீச்சர் மட்டுமில்லை. காலை உணவு சமைக்கிற மகளிர் குழுப் பெண்கள் விடியற்காலையிலேயே வந்து அடுப்புப் பற்றவைக்கிறார்கள். மதியத்துக்குச் சத்துணவுச் சமையலர் வருவார். எங்கள் பள்ளிச் சத்துணவு அமைப்பாளர் ஓய்வு பெற்றபின் அந்த இடம் நிரப்பப்படவே இல்லை. பக்கத்து ஊர் அமைப்பாளர் மூன்று மையங்களைப் 'பொறுப்பு' பார்த்தார். சமையல் உதவியாளர் பணியிடங்கள் 8,997-ஐ நிரப்ப அரசு ஆணையிட்டபோது வைத்த சம்பளம் மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியம். ஒரு வருடம் முடிந்தால்தான் சிறப்புக் காலமுறை ஊதியம். வெயில் காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே, புகையில், அண்டா இறக்குகிற வேலை. நாளுக்கு நூறு ரூபாய். எங்கள் பக்கம் நூறு நாள் வேலைக்குப் போனாலே அதைவிட அதிகம்.

அந்தச் சமையலறைக்குச் சாதியும் வரும். 2018-ல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த சமையலர் சமைக்கக் கூடாது என்று ஊரார் பள்ளியை மறித்தது நாடு முழுக்கத் தெரிந்த செய்தி. செய்தியாகாதது எத்தனையோ. "நீங்க கொடுங்க டீச்சர், அந்தக்கா கையால வேண்டாம்னு எங்க வீட்ல சொன்னாங்க" என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளை தட்டை நீட்டியபடி சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தச் சமையலர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் பரிமாறியதை நானும் சாப்பிட்டேன், வாரம் முழுக்கச் சாப்பிட்டேன். வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளையும் அவரிடமே வாங்கியது. அவர் என்னிடம் எதுவும் பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து எனக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் ரசம் எடுத்து வைப்பார்.

துப்புரவுப் பணியாளர் நிலை இன்னும் மோசம். தொடக்கப் பள்ளிக்கு அதற்கென்று வரும் பணம் மிகச் சொற்பம், அதுவும் ஊராட்சி வழியாக மாதக் கணக்கில் தாமதமாக வரும். வருகிறவர் வயதான பெண்ணாக இருப்பார். அவர் வராத நாள் கழிவறையைக் கழுவுவது யார்? பிள்ளைகளைச் செய்யச் சொல்லக் கூடாது, சரியான விதி. நானும் என்னோடு வேலை பார்த்த அந்த டீச்சரும் மாறி மாறிக் கழுவினோம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெண் டீச்சர் இருக்கும் ஊரக ஈராசிரியர் பள்ளி எதற்குப் போய்க் கேட்டாலும் அநேகமாக இதே பதில் வரும்.

பக்கத்து நடுநிலைப் பள்ளிக்குப் போனால் பகுதிநேர ஆசிரியர்களைப் பார்ப்பீர்கள். ஓவியம், இசை, தையல், கணினி, உடற்கல்வி ஆகியவற்றுக்கு 2012-ல் 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு, வாரத்துக்கு மூன்று அரை நாள் என்று எடுத்தார்கள். 12 வருடம் கழித்து 2024-ல்தான் அது 12,500 ஆனது. மே மாதச் சம்பளம் இல்லாமலே வருடங்கள் ஓடின. இருபத்தெட்டு வயதில் வந்தவர்களுக்கு இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. பேருக்கு அரை நாள் வேலை. பள்ளியில் ஆள் இல்லாததால் முழு நாளும் இருந்து கணக்குப் பாடம்கூட எடுக்கிறார்கள். காலியிடங்களுக்கு மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் வைக்கும் முறை 2022-ல் வந்தபோது இடைநிலை ஆசிரியருக்கு, அதாவது தொடக்க வகுப்பு எடுக்கிறவருக்கு, அறிவித்தது 7,500 ரூபாய். பகுதிநேர ஆசிரியர் சம்பளம் ஒன்றிய அரசும் மாநில அரசும் பங்கு போடும் சமக்ர சிக்ஷா நிதியில் ஓடுவது. மும்மொழி உள்ள தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று 2024-25-க்கான 2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. கொள்கைச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்கும் கருத்து உண்டு, மும்மொழியை நான் ஏற்கவில்லை. ஆனால் ஏற்கெனவே வேலை பார்த்தவரின் சம்பளத்தைப் பணயமாக வைப்பது யார் செய்தாலும் அநியாயம்.

நிரந்தர ஆசிரியர் சம்பளம் குறைவு என்று நான் சொல்லமாட்டேன். என் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தேன், எனக்குப் பழைய ஓய்வூதியமும் வருகிறது. வேலைக்குச் சரியாக வராத, வந்தும் நடத்தாத ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அதே அறையில் என்னோடு நின்ற அந்த டீச்சரின் கதையைக் கேளுங்கள். அவர் வேலைக்கு வந்தது 2010 தொடக்கத்தில். 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370. ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே படிப்பு, ஒரே வேலை. ஒருநாள் வித்தியாசத்தில் 3,170 ரூபாய் பள்ளம், அதன்மேல் வருகிற அகவிலைப்படி, ஊதியக் குழு எல்லாம் சேர்ந்து அது வருடா வருடம் ஆழமானது. 2018 டிசம்பரில் சென்னையில் பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.பி.ஐ. வளாகத்தில் குழந்தை குட்டிகளோடு உண்ணாவிரதம் கிடந்தார்களே, அவர்கள்தான் இவர்கள். "சம்பளம் போதவில்லை" என்று அவர்கள் கேட்கவில்லை. சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டார்கள். 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்ததால் பழைய ஓய்வூதியமும் அவருக்கு இல்லை.

இப்போது டெட் வேறு. ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயம் என்று அறிவிக்கை வந்தது 2010 ஆகஸ்ட் 23. அந்த டீச்சர் அதற்கு முன்பே பணியில் இருந்ததால் தேவையில்லை என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் எல்லோரும் இரண்டு வருடத்துக்குள் டெட் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஐந்து ஆண்டுக்குள் ஓய்வு பெறுபவர் தேறாமலே தொடரலாம், பதவி உயர்வு கிடையாது. புதிதாக வருகிறவருக்குத் தேர்வு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பதினைந்து வருடம் பிள்ளைகளை வாசிக்க வைத்தவரைப் பார்த்து உன் தகுதியை நிரூபி, இல்லையென்றால் வேலை இல்லை என்பது வேறு. பயிற்சி மாணவியருக்கு வகுப்பை எப்படி நடத்துவது என்று காட்டிக்கொடுத்தவர், பஸ் நிறுத்தத்தில் நின்று குழந்தை உளவியல் அறிஞர் பியாஜேயின் நாலு படிநிலைகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். படிவக் கட்டும் அதே பைக்குள்தான் இருந்தது.

நீங்கள் சொன்ன அந்த மெட்ரிக் பள்ளி மிஸ்ஸை நான் மறக்கவில்லை. நாற்பது பேரைச் சமாளிப்பதால் அவருக்கு வேலை குறைவு என்று நான் சொல்லவரவில்லை. அவர் காலையில் பள்ளி வேனில் ஏறி, பிள்ளைகளை ஏற்றி இறக்கி, நாள் முழுக்க நின்றுகொண்டே நடத்தி, ஏப்ரலில் வீடு வீடாக அட்மிஷன் கேட்டு அலைகிறவர். கையில் வாங்குவதும் பல இடங்களில் கொத்தனார் கூலிக்குக் கீழே. அசல் சான்றிதழை நிர்வாகம் வாங்கி வைத்துக்கொண்டால் வேலையை விடவும் முடியாது. ஆசிரியர் 'தொழிலாளி' ஆகமாட்டார் என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் தொழிலாளர் நீதிமன்றக் கதவும் அவருக்கு மூடிக்கொண்டது. ஒன்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள்: ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் தனியார் பள்ளி ஆசிரியருக்கும் பணிக்கொடை உண்டு. 2009-ல் சட்டத்தைத் திருத்தி 1997 ஏப்ரல் 3 முதலே செல்லும் என்றார்கள். பள்ளி நிர்வாகங்கள் வழக்குப் போட்டன, 2022-ல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. பலருக்கு இது தெரியவே தெரியாது.

சரி, மகளைச் சேர்க்கலாமா? சேருங்கள். ஆனால் சேர்ப்பதற்கு முன்னால் ஒருநாள், கூட்டமோ விழாவோ இல்லாத ஒரு புதன்கிழமை, பதினோரு மணிக்குப் போய் வாசலில் நில்லுங்கள். இரண்டு டீச்சரும் இருக்கிறார்களா என்று பாருங்கள். ஒருவர்தான் இருந்தால் "எங்கே போனார்" என்று கோபப்படாமல் கேளுங்கள். பயிற்சி என்றால் மாதத்தில் எத்தனை நாள் பயிற்சி, பி.எல்.ஓ. என்றால் யார் போட்டது, விடுப்பு என்றால் மாற்றுப்பணிக்கு ஆள் வந்தாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். மகள் சேர்ந்துவிட்டால் நீங்களோ உங்கள் வீட்டம்மாவோ பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு வரலாம். அதில் முக்கால் பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். "எங்கள் பள்ளி ஈராசிரியர் பள்ளி, இங்கிருந்து பி.எல்.ஓ. எடுக்காதீர்கள், நீண்ட விடுப்புக்கு மாற்று ஆசிரியர் வேண்டும்" என்று தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் அனுப்புங்கள். அதையே கிராம சபையிலும் வையுங்கள். நாங்கள் எழுதினால் வேலைக்குச் சோம்பிச் சாக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள். பெற்றோர் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்ததை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை பேறுகால விடுப்பு இடத்துக்கு வாரத்தில் ஐந்து நாளும் ஆள் வந்தார்.

கழிவறையையும் பாருங்கள், சமையலறையையும் எட்டிப் பாருங்கள். சமைக்கிறவர் பெயரைக் கேட்டு, மகளிடம் அவரை அத்தை என்றோ பெரியம்மா என்றோ கூப்பிடச் சொல்லுங்கள்.

சேர்க்கையைத் தள்ளிப்போடாதீர்கள். ஜூன் மாதமே சேர்த்துவிடுங்கள். ஆகஸ்ட் 1-க்குள் பெயர் எமிஸில் ஏறிவிட்டதா என்பதை மட்டும் ஹெச்.எம்.மிடம் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் மகளோடு 28.